மேண்டில் கம்பெனிப் பாவாத்தாள்

கருமத்தம்பட்டிப் பக்கம் கிணறு வெட்டினால் கொஞ்ச ஆழம்தான் மண். அதற்குக் கீழே பாறை. பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு, வெடிப்பதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். பாவாத்தாளின் கணவன் ஏறிக்கொண்டிருந்தபோதே திரி எரிந்து முடிந்துவிட்டது. அது 1954-ஆம் வருஷம். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை. மகள் தெய்வானை பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் படித்துக்கொண்டிருந்தாள்.

கணவனின் அண்ணன் வீட்டில் ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்தார்கள். சோறும் போட்டார்கள். ஆனால் ஒருவர் போடும் சோற்றைத் தலை குனிந்து தின்ன பாவாத்தாளுக்குத் தெரியாது. நெடுநெடுவென்ற உயரம், சந்தை இரைச்சலையும் மீறிக் கேட்கும் குரல். வெள்ளைச் சேலைக்கு மாறிய பிறகும் அந்தக் குரல் தாழவில்லை என்று ஊரில் சிலருக்கு வருத்தம். வருஷம் திரும்புவதற்குள் அவள் அவினாசி ரோட்டில் பஸ் ஏறிப் போய், கோயமுத்தூருக்குக் கிழக்கே பங்காருசாமி நாயுடு வைத்திருந்த மேண்டில் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

கம்பெனி என்பது பெயருக்குத்தான். ஓட்டுக்கூரை போட்ட நீளமான கொட்டகை, பின்புறம் ஒரு கிணறு. கல்யாணத்துக்கும் நோம்பி திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றுகிறோமே, அதற்குள் சின்னப் பை மாதிரி ஒரு வலை தொங்குமல்லவா? அந்த மேண்டிலைத்தான் அங்கே செய்தார்கள். ரேயான் நூலில் பின்னிய குழல் துணியை அளவாக வெட்டி, உப்புக் கரைத்த தண்ணீரில் முக்கி, பிழிந்து, மர அச்சில் மாட்டிக் காயவைத்து, கழுத்தில் நூல் கட்ட வேண்டும். விளக்கில் முதல் தடவை தீ வைத்ததும் துணி எரிந்துபோகும். உப்பு மட்டும் வலையாக நின்று பளீரென்று வெளிச்சம் கொடுக்கும். அந்த உப்பு பம்பாய்ப் பக்கமிருந்து வந்தது. தோரியம் நைட்ரேட் என்று பெயர். வேலை செய்த பெண்களுக்கு அது வெறும் உப்புதான்.

பாவாத்தாள் முதலில் முக்குகிற வேலையில் இருந்தாள். உள்ளங்கை வெடித்துப் பாளம் பாளமாகப் போன பிறகு, நாயுடு அவளைச் சோதனை மேசைக்கு மாற்றினார். மேண்டில் கட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்து விளக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டு உடைத்துப் போடுவது அவள் வேலை. உடைத்தால் அது திருநீறு மாதிரி தூளாகிப் பறக்கும். மேசையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து கம்மஞ்சோறு கரைத்துக் குடிப்பாள். பக்கத்து மேசையில் உம்மல் குல்சும். கழுத்துக்கு நூல் கட்டுவதில் அவளுக்கு இணை கிடையாது. இரண்டு பேரும் நாளெல்லாம் பேசுவார்கள். பேச்சில் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவளில்லை. இதை நான் கேட்டதெல்லாம் பின்னாளில் குல்சும் அம்மாவிடமிருந்தும் தெய்வானையிடமிருந்தும்தான்.

ஊரில் தேர் நோம்பி வந்தால் பாவாத்தாள் மகளை நிறுத்தி வைத்து விளக்கைக் காட்டுவாள்.

"பாரு கண்ணு, அந்த வெளிச்சம் உங்காத்தா செஞ்சது."

தெய்வானைக்கு அதில் அவ்வளவு பெருமை. தாயின் உயரம் அவளுக்கு வந்திருந்தது, குரல் வரவில்லை. மெதுவாகப் பேசுவாள், பேசினால் ஒரே வார்த்தைதான்.

1963-இல் அவளுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றுப் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வைத்திருந்த கந்தப்ப கவுண்டரின் மகன் குமாரசாமி. ஒரு கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று பையனே வீட்டில் சொன்னானாம். அப்பனில்லாத பெண் என்று கந்தப்ப கவுண்டர் கொஞ்சம் யோசித்தார். பெண்ணைப் பார்த்த பிறகு யோசிக்கவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றி, தை மாதம் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். பாவாத்தாள் கம்பெனிக்கு வந்து எல்லாருக்கும் நாட்டுச் சர்க்கரை கொடுத்தாள்.

அந்த ஐப்பசியில்தான் பம்பாயிலிருந்து அதிகாரி வந்தார்.

அணுப் பொருள்களைப் பற்றி அரசாங்கம் புதிதாகச் சட்டம் போட்டிருந்த சமயம். தோரியமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிற சரக்கு என்று நாயுடுவுக்கு அப்போதுதான் தெரியும். அதிகாரி சின்ன வயசுக்காரர், பாலக்காட்டுப் பக்கம், தமிழ் பேசுவார். கையில் ஒரு பெட்டி, பெட்டியிலிருந்து வயர், வயரின் முனையில் ஒரு குழல். உப்புத் தண்ணீர்த் தட்டின்மேல் குழலைப் பிடித்தார். பெட்டி கடகடவென்று கத்த ஆரம்பித்தது. பெண்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். பார்சல் ஏற்ற வந்திருந்த லாரிக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

அதிகாரிக்குத் தன் பெட்டிமேல் ஆசை. மேசையில் பிடித்தார், கத்தியது. தரையில் பிடித்தார், கத்தியது. சோதனை மேசைக்குப் பின்னால் சுவரோடு சுவராக நின்ற பாவாத்தாளிடம் வந்து, "கொஞ்சம் நில்லுங்கோ" என்று அவள் சேலைத் தலைப்பில் பிடித்தார். கத்தியது. தலைமுடிப் பக்கம் கொண்டுபோனார். அப்போதும் கத்தியது.

"ஏனுங்க சாமி, என்னதுங்க அது?" என்றாள் பாவாத்தாள். அவள் குரல் தாழ்ந்து கேட்டது அன்றைக்குத்தான் என்று குல்சும் சொன்னாள்.

"ஒண்ணுமில்லே. தூசிதான். குளிச்சாப் போயிடும்."

பிறகு நாயுடுவைப் பார்த்துத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "பயப்படற அளவு இல்லே. மேண்டிலுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கு. ரொம்பக் கம்மியான ஆபத்துன்னு ஒதுக்கி வெச்ச சாமான் இது. லைசென்ஸ் வேண்டாம், சோதனை வேண்டாம். இனி நாங்க வரவேண்டிய அவசியமே இருக்காது."

நாயுடுவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிற்று. அதிகாரிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து வழியனுப்பினார். அவர் சொன்னதெல்லாம் கொட்டகைக்குள் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. வாசலில் நின்றவர்கள் கேட்டது பெட்டி கத்தியதை மட்டும்.

சேதி கருமத்தம்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது அது வேறு சேதியாகியிருந்தது. பாவாத்தாள் உடம்பில் அணு ஏறிவிட்டது, மிஷின் வைத்துப் பார்த்துச் சர்க்காரே சொல்லிவிட்டது என்றார்கள். ஜப்பானில் குண்டு போட்டு ஊரே வெந்து போனதைப் பத்திரிகையில் படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு விளக்கினார்கள். பொதுக்கிணற்றில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்தினார்கள். கணவனின் அண்ணன் மனைவி தன் பிள்ளைகளைத் தெய்வானையோடு படுக்க விடவில்லை.

கார்த்திகை பிறந்ததும் கந்தப்ப கவுண்டர் வந்தார். கூட மனைவியும் வந்திருந்தாள். கொடுத்த மோரை இருவரும் தொடவில்லை.

"இங்க பாரம்மணி, உங்க புள்ள தங்கமான புள்ள. அதுல எங்களுக்கு ஒரு கொறையுமில்லீங்க" என்று கவுண்டர் ஆரம்பித்தார். "ஆனா எங்களுக்கு ஒரே பையன். நாளைக்குப் பொறக்கற கொழந்த கையில்லாம காலில்லாமப் பொறந்துபோட்டா, நாங்க ஆரைக் கேக்கறதுங்க?"

"அந்தாபீசரே ஒண்ணுமில்லீன்னு சொல்லிப்போட்டாருங்கண்ணா. சட்டத்துல வெலக்குக் குடுத்திருக்குதாமுங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க வெலக்கு?"

பையனின் தாய் குறுக்கே பேசினாள்.

"அந்த மிஷினு உங்க தலைமேல கத்துச்சா இல்லீங்களா? அதைச் சொல்லுங்க போதும்."

"கத்துச்சுங்க. எம்மேலதான் கத்துச்சு. எம் புள்ள அந்தக் கம்பெனி வாசப்படி மிதிச்சதில்லீங்க."

"ஒரே ஊட்டுல ஒரே பாயில படுத்த புள்ளதானுங்களே" என்றாள் அந்த அம்மாள். சொல்லும்போது அவள் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. கெட்டவர்களில்லை, பயந்தவர்கள். பாக்கு வெற்றிலைத் தட்டத்தைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

மறுநாள் பாவாத்தாள் நாயுடுவின் முன்னால் போய் நின்றாள்.

"மொதலாளி, அந்தாபீசரை இன்னொருக்கா வரச் சொல்லோணுமுங்க. தலைக்குக் குளிச்சுப்போட்டு நிக்கறேன். ஊர்க்காரங்க முன்னால அந்த மிஷினை வெச்சுப் பாத்து, இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

நாயுடு நல்ல மனுஷர். பம்பாய்க்கு டிரங்கால் போட்டார். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வரமாட்டாங்களாம் பாவாத்தா. வெலக்குக் குடுத்த எடத்துக்கு மறுபடி வந்து பாக்கறதுக்குச் சட்டத்துல வழியில்லையாம். ஆபத்து இருந்தாத்தானே பாக்கறதுக்குன்னு கேக்கறாங்க."

"ஆபத்தில்லீன்னு சொல்றதுக்காச்சும் வரக்கூடாதுங்களா?"

நாயுடு கையை விரித்தார்.

அவள் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. பொள்ளாச்சி வழியாகப் பழனிக்குப் போய் முடி இறக்கிவிட்டு வந்தாள். பழனிக்கு முடி கொடுப்பது கொங்கில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவள் வாசலில் வந்து நின்றபோது, தெய்வானைக்கு அது வேண்டுதல் இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. இடுப்பு வரை தொங்கும் முடி பாவாத்தாளுக்கு. கணவன் செத்தபோதுகூட அதன்மேல் ஒருவரையும் கைவைக்க விடாதவள்.

"ஏனாத்தா இப்படிப் பண்ணிப்போட்ட?" என்று மகள் அழுதாள்.

"முடியிலதான் ஒட்டியிருக்குதுன்னு அந்த மிஷின் காட்டுச்சு கண்ணு. இப்ப முடியே இல்ல. இனி எதுல ஒட்டும்?"

அன்றே தன் சேலைகளையெல்லாம் காட்டு மூலையில் போட்டு எரித்தாள்.

வழி காட்டியது குல்சும்தான். அவள் கணவர் அப்துல் கையூம் டவுன்ஹால் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர் கடைக்கு வால்வும் பாட்டரியும் வாங்க வருகிற கோபாலசாமி என்ற காலேஜ் வாத்தியார் அதே மாதிரி ஒரு பெட்டியைத் தானே செய்து வைத்திருக்கிறார் என்று கையூம் சொன்னார். ஒரு சனிக்கிழமை பாவாத்தாளும் குல்சுமும் அவர் காலேஜுக்குப் போனார்கள்.

கோபாலசாமி நிதானமான ஆள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். குழலைப் பாவாத்தாளின் தலையில், கையில், புதுச் சேலையில் பிடித்தார். பெட்டி டிக் என்றது. சற்று விட்டு மறுபடி டிக். அப்புறம் இன்னொன்று.

பாவாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் இருக்குதுங்களே! முடியக் குடுத்தும் போகலீங்களே!"

"அம்மா, எந்திரிங்க. இங்க பாருங்க" என்று அவர் குழலை அவளிடமிருந்து தள்ளி வெறும் காற்றில் பிடித்தார். அதே டிக், அதே இடைவெளி. "இது யார் பக்கத்துல வெச்சாலும் இவ்வளவு கத்தும். மண்ணுலயும் இருக்கு, கல்லுலயும் இருக்கு, வானத்துல இருந்தும் வருது. உங்க மேல தனியா ஒண்ணும் இல்லை."

அவள் எழுந்து, குழலின் முனையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இதைச் சத்தியமங்கலத்துல வந்து சொல்லுவீங்களா சாமி?"

அவர் தயங்கினார். படித்தவர்கள் சொன்னால் ஊர் நம்பிவிடும் என்ற எண்ணம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் அந்த மொட்டைத் தலையைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சத்தியமங்கலத்தில் போய் இறங்கினார்கள்: பாவாத்தாள், தெய்வானை, பெட்டியோடு கோபாலசாமி. கந்தப்ப கவுண்டர் வாசலுக்கு வந்து, "வாங்க வாங்க" என்றார். விருந்தாளியை வரவேற்காமல் விடுகிற வழக்கம் அந்தப் பக்கம் இல்லை. அக்கம்பக்கத்து உறவுக்காரர்களும் வந்து கூடிவிட்டார்கள். குமாரசாமி வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

கோபாலசாமி பெட்டியைத் திறந்து முதலில் வெறும் காற்றில் காட்டினார். பிறகு பாவாத்தாள்மேல், தெய்வானைமேல். எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்டது. கூட்டத்தில் ஒருவர், "அட, ஆமாங்க!" என்றார். கவுண்டர் முகம் கொஞ்சம் இளகியது. பாவாத்தாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாத்தியாருக்கு முழுதாகப் புரியவைக்க வேண்டும் என்ற எண்ணம். "கல்லுல இதைவிடக் கூடவே இருக்கும், பாருங்க" என்று கீழே குனிந்து, அந்த வீட்டு முற்றத்தில் பாவியிருந்த பெரிய கருங்கல் பலகையில் குழலை வைத்தார். பெட்டி விரைந்து டிக் டிக் டிக் என்றது. பாவாத்தாள்மேல் வைத்தபோது கேட்டதைவிட வேகம் என்பது யாருக்கும் தெரிந்தது.

கல்லின்மேல் நின்றவர்கள் காலை எடுத்து நகர்ந்தார்கள்.

கவுண்டரின் மனைவிக்கு முகம் வெளுத்தது. "எங்க ஊட்டையே விஷங்கறீங்களா?" என்றாள். "எம் மாமனார் காலத்துல போட்ட கல்லுங்க இது. இந்தக் கல்லு மேலதான் எம் பையன் தவுந்தான்."

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க அம்மா. இதுல ஒரு கெடுதலும் இல்லைன்னுதான்…"

"கெடுதலில்லீன்னா எதுக்குங்க கத்துது? இவங்க மேல கத்தறத மறைக்கறதுக்கு எங்க ஊட்டுல கத்த வெக்கறீங்களா?"

பாவாத்தாளின் பழைய குரல் அப்போது கிளம்பியது.

"ஏனுங்க, நீங்க பண்ணுன கல்யாணம் அத்தனையும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துலதானுங்களே நடந்துச்சு? அதுல எரிஞ்சது இதே உப்புத்தானுங்க. நாங் கையில தொட்டுக் குடுத்தது. அப்ப ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே! வெளிச்சம் மட்டும் வேணும், அதைச் செஞ்சவ ஊட்டுப் புள்ள வேண்டாமுங்களா?"

கந்தப்ப கவுண்டர் எழுந்து, "மன்னிச்சுக்குங்க வாத்தியாரே, பெட்டிய மூடிப்போடுங்க. சொந்தக்காரங்க ஒறம்பரை முன்னால இது வேண்டாமுங்க" என்றார். அவ்வளவுதான்.

பஸ் நிற்கும் இடம்வரை குமாரசாமி கூடவே வந்தான். தாயும் வாத்தியாரும் முன்னால் நடக்க, அவன் தெய்வானையிடம் சொன்னான்:

"எங்கம்மா மனசு மாறும் தெய்வானை. ஒரு வருஷம் போகட்டும். நான் இருக்கறேன்."

அவள் நின்றாள். "வேண்டாமுங்க மாமா. நான் வடிச்ச சோத்தை உங்க ஊட்டுல ஆருங்க பயமில்லாமத் திம்பாங்க? ஒவ்வொரு கொழந்தைக்கும் காய்ச்சலு வந்தா எம் மூஞ்சியப் பாப்பாங்க. போயிட்டு வாங்க."

அவன் அங்கேயே நின்றுவிட்டான். அடுத்த வைகாசியில் கோபிப் பக்கம் பெண்ணெடுத்துக் கட்டிவைத்தார்கள். பிள்ளை குட்டியோடு நன்றாக இருந்தான் என்றுதான் கேள்வி.

திரும்பி வரும் பஸ்ஸில் பாவாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அன்னூர் தாண்டிய பிறகு கோபாலசாமியைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமி, மறைக்காமச் சொல்லுங்க. அந்த உப்பு நெசமாவே ஒண்ணும் செய்யாதுங்களா?"

அவர் மடியிலிருந்த பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"வெளக்கு ஏத்தறவங்களுக்கு ஒண்ணும் செய்யாதம்மா. வருஷத்துல நாலு மேண்டில் ஏத்தற வீட்டுக்கு அந்த விலக்கு சரிதான். ஆனா நீங்க தினம் அந்தத் தூள்லயே உட்கார்ந்திருக்கீங்க, மூச்சுல இழுக்கறீங்க. அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியலை. விலக்கு எழுதினவங்க விளக்கு வாங்கறவங்களை நெனச்சு எழுதியிருக்காங்க. அதைச் செய்யறவங்களை நெனச்ச மாதிரி தெரியலை."

"அப்ப கல்யாணத்துக்கு வேண்டாத பயத்தைப் பயந்துபோட்டு, பயப்படோண்டிய எடத்துல ஆரும் பயப்படலீங்க" என்றாள் அவள்.

கோபாலசாமி பம்பாய்க்கு எழுதினார். மேண்டிலுக்குக் கொடுத்த விலக்கு இருக்கட்டும். அதைச் செய்கிற கொட்டகைகளுக்கு மட்டும் தனியாகச் சில விதிகள் வேண்டும், கை கழுவத் தண்ணீர், தூள் பறக்காத ஏற்பாடு, வருஷத்துக்கு ஒருமுறை யாராவது வந்து பார்ப்பது, இவ்வளவுதான் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், மறுபடியும் அதே பதில்.

பாவாத்தாள் காத்திருக்கவில்லை. வேறு வேலை யார் கொடுப்பார்கள்? அதே கம்பெனிக்குத் திரும்பிப் போனாள். ஆனால் நாயுடுவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

"மொதலாளி, பொம்பளைங்க இனி உப்பு இருக்கற எடத்துல சோறு திங்க மாட்டாங்க. தனியா ஒரு சாளை போட்டுக் குடுங்க. ஒடைச்ச தூளை ஈரத்துணி வெச்சுத்தான் தொடைப்போம். ஊட்டுக்குப் போகறப்ப சேலை மாத்திட்டுப் போகோணும்."

"சட்டத்துல இதெல்லாம் கேக்கலையே பாவாத்தா" என்றார் அவர், கோபமில்லாமல்.

"சட்டம் கேக்காதுங்க. நாங் கேக்கறனுங்க."

ஓலை வேய்ந்து சாளை போட்டுக் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தார். புதிதாக வந்த பெண்கள் சோதனை மேசைக்குப் போகாதபடி பாவாத்தாள் பார்த்துக்கொண்டாள். கடைசிவரை அந்த மேசையை அவளே வைத்திருந்தாள். குல்சும் சண்டைகூடப் போட்டாள். "உனக்கு மட்டும் நெஞ்சு இரும்பாக்கா?" என்று கேட்டாள். "நாந்தான் ஏற்கெனவே அந்தத் தூளைக் குடிச்சுப்போட்டேன். இன்னொருத்திக்கு எதுக்குப் புள்ள?" என்றாளாம் பாவாத்தாள்.

1965 வாக்கில் இருமல் வந்தது. முதலில் விடிகாலையில் மட்டும், பிறகு நடந்தால் மூச்சு வாங்கியது. காசநோய் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காசம் இல்லை, நெஞ்சில் தழும்பு இருக்கிறது என்றார்கள். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். மேண்டில் கம்பெனி என்று சொன்னாள். அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த உப்புதான் காரணமா, விளக்குப் புகையா, வேறு ஏதாவதா, அன்றும் யாராலும் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியாது.

கடைசி நாட்களில் உயரமான அந்த உடம்பு ஒரு கைப்பிடியாகச் சுருங்கிப்போனது. முடி மட்டும் மறுபடி வளர்ந்திருந்தது, வெள்ளையாக. தெய்வானை தினமும் சீவிவிடுவாள். 1967 புரட்டாசியில் ஒரு பகல் வேளையில், மகள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, உயிர் போயிற்று.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் வாசலுக்கு அந்தப்புறமே நின்றார்கள். தூக்குவதற்கு ஆள் முன்வரவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் தெய்வானையைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், மரியாதையாகவே சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காத அம்மணி. ஊருல பேசிக்கறாங்க. சுடுகாட்டுல வெச்சு எரிச்சா சாம்பல் காத்துல பறக்குமுங்க. பொதைச்சா ஓடைத் தண்ணியில எறங்குமுங்க. ரெண்டும் வேண்டாமுன்னு…"

"அப்ப எங்காத்தாளை எங்கீங்க வெக்கறது?" என்றாள் தெய்வானை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலுக்கு அந்தப்புறம் போய் நின்றுகொண்டார்.

நாயுடு வந்திருந்தார். கையூமும் குல்சுமும் வந்திருந்தார்கள். கோபாலசாமி வேலை மாற்றலாகிச் சேலத்தில் இருந்தவர், சேதி கேட்டு வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "வாத்தியாரே, பெட்டி கொண்டாந்தீங்களா? ஒருக்கா வெச்சுப் பாத்துச் சொல்லிப்போட்டீங்கன்னா எல்லாருக்கும் நிம்மதிங்க."

"கொண்டு வரலை" என்றார் அவர். "அந்தம்மாவுக்கு மரியாதை செய்ய வந்தேன்."

கடைசியில் நாயுடுதான் பேசினார். "எந் தோட்டத்துல எடம் இருக்குது. அங்க வெச்சுக்கலாம்." நாயுடு ஒரு பக்கம், கையூம் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம் பாடையைத் தூக்கினார்கள். நாலாவது பக்கம் ஆளில்லை. தெய்வானை போய்த் தோள் கொடுத்தாள். பெண்பிள்ளை தூக்கக்கூடாது என்று சொல்ல அன்றைக்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அதன் பிறகு நாயுடுவின் தொழிலும் நிலைக்கவில்லை. ஊருக்கு ஊர் கரண்டு வந்துவிட்டது. பெட்ரோமாக்ஸ் வாங்குபவர்கள் குறைந்தார்கள். 1969-இல் கொட்டகையைச் சாத்தினார். மிச்ச உப்பை என்ன செய்வது என்று பம்பாய்க்குக் கேட்டு எழுதினார். விலக்கு அளிக்கப்பட்ட பொருள், உங்கள் விருப்பம்போல் அப்புறப்படுத்திக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. கோபாலசாமி சொன்னபடி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார். உப்பு வந்த தகர டின்கள் மட்டும் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. நல்ல கெட்டித் தகரம். நாயுடு ஊரில் இல்லாத ஒரு நாளில் காவல்காரன் அவற்றை விற்றுவிட்டான். கருமத்தம்பட்டிக்காரர்களே பலர் வண்டி கட்டி வந்து, சோளம் போட்டு வைக்க வாங்கிப் போனார்கள்.

தெய்வானை அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் தையல் வேலையில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேதி தெரிந்ததும் லீவு போட்டு ஊருக்கு வந்தாள். தாய் செத்த நாளில் தள்ளி நின்றவர்களின் வீட்டு வாசல்களில் ஒவ்வொன்றாகப் போய் நின்றாள்.

"அந்த டின்னுல திங்கறதப் போட்டு வெக்காதீங்க. உள்ள உப்பு ஒட்டியிருக்கும். நல்லாக் கழுவி வேற எதுக்காச்சும் வெச்சுக்குங்க. கொழந்தைங்க கைய விட்டு வழிக்காமப் பாத்துக்குங்க."

சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், "பளபளன்னுதானே இருக்குது, ஒண்ணுந் தெரியலியே" என்றார்கள். அவள் வாதாடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.